ஓரின் நாற்காலியைத் தாண்டி வந்த சீட்டுகள்

நான் பிடித்த மீன்களைப் பற்றிச் சொன்னால் பாதி நீளத்தைக் கழித்துவிட்டு நம்புங்கள், தப்பே இல்லை. ஆனால் இதில் ஒரு அங்குலம்கூடக் கழிக்காதீர்கள். இது நடந்தது. நடந்த மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது வருஷம் ஆகிறது. மினசோட்டா, ஜனவரி மாதம், சனிக்கிழமை மாலை. ஏரிக்கரையில் மெர்வின் வீடு. அவன், அவன் மனைவி பெவ், நான், ஓரின்... நான்கு பேருக்கும் வாராவாரம் சீட்டாட்டம். ஓரின் வீடு எதிர்க்கரை. உறைந்த ஏரியின் மேலேயே பனிவண்டியில் வந்துவிடுவான். ஐந்து மணிக்கு வரவேண்டியவன். மணி 5.10. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மெர்வின் வாசலில் போட்ட தும்மல் ஏப்ரலில்தான் தரைக்கு வரும், அப்படிக் குளிர். இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களை இறுக்கி மூடியிருந்தோம்.

"போன வாரம் பூரா வெயில். ஐஸ் தாங்குமா?" என்றாள் பெவ்.

"வருவான். அவன் கல்யாணத்துக்கே லேட்டா வந்தவன்," என்றான் மெர்வின்.

போக்கரில் நாங்கள் ஆடுவது 'குப்பை தள்ளுவது'. ஆளுக்கு ஏழு சீட்டு. வேண்டாத மூன்றை இடப்பக்கத்து ஆளிடம் தள்ளவேண்டும். அப்புறம் இரண்டு. அப்புறம் ஒன்று. நடுவில் ஒருவர் எழுந்தால் ஆட்டமே குலைந்தது. என் வலப்பக்கம் ஓரினின் காலி நாற்காலி. அதற்கப்பால் மெர்வின். அவன் சீட்டு அந்த நாற்காலியைத் தாண்டித்தான் எனக்கு வரும்.

ஓரின் வரும்வரை மூன்று பேராகவே ஆரம்பித்தோம். 5.18. மூன்று சீட்டுகள் வந்தன. ஓரமெல்லாம் ஈரம்.

"டேய் மெர்வின், பீரைக் கொட்டித் தொலைச்சியா?"

"ஏன்டா லைல், தர்றது குப்பை. அதைக் கழுவி வேற தரணுமா?"

அவன் கை உலர்ந்திருந்தது. வந்ததில் ஒரு ராணி. என்னிடம் ஏற்கெனவே இரண்டு.

5.23. இரண்டு சீட்டுகள். தொட்டதும் விரல் நுனி மரத்துப்போயிற்று. நான்காவது ராணி!

காலி நாற்காலிக்கு அடியில்...

சொட்.

சொட்.

பெவ் குனிந்து பார்த்தாள். கம்பளம் நனைந்திருந்தது. கூரையைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

"எனக்கு என்னமோ சரியாப் படல. ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"இந்த ஆட்டம் முடியட்டும், பெவ்."

சொன்னது நான்தான்.

5.26. ஒற்றைச் சீட்டு. மெர்வின் தள்ளினான். காலி நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றது.

இழுத்தேன். வரவில்லை. யாரோ விரலால் அழுத்திப் பிடித்திருப்பது போல...

மறுபடி இழுத்தேன்.

விட்டது.

ஜெயித்தேன். பயம் வரவில்லை, சத்தியமாக. விரலோடு உள்ளேயும் ஏதோ மரத்துவிட்டது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றேன்.

6.05. விளக்கெடுத்துக்கொண்டு போனோம்.

வீட்டிலிருந்து முந்நூறு அடி. ஐஸில் ஓட்டை. முழங்கைகள் விளிம்போடு உறைந்து ஒட்டிக்கொள்ள, தலை மட்டும் வெளியே...

ஓரின். மூச்சு இல்லை.

மறுநாள் எதிர்க்கரைக்காரர் ஒருவர் போலீஸிடம் சொன்னார். விறகெடுக்க வெளியே வந்தபோதெல்லாம் ஏரியிலிருந்து கத்தல் கேட்டதாம். நரி என்று நினைத்தாராம்.

கடைசியாகக் கேட்டது 5.50க்கு.

அப்படியானால், 5.26க்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்...

செத்தவன் அல்ல.