மூடியில்லாத கம்ப்யூட்டர்

எண்பதுகளில் ஒருநாள், பினாங்குக்குப் பக்கத்தில் உள்ள சுங்கை பட்டாணியில் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி மிஸ்ஸி ஒருவர் இருந்தார். நர்ஸை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். ஐம்பது வயது, தடித்த கண்ணாடி, வெள்ளைச் சீருடை. மடியில் எதையோ சாரோங் கைலியில் சுற்றி வைத்திருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் துணியை விலக்கிப் பார்த்துக்கொள்வார்.

"என்ன மிஸ்ஸி அது?"

"கம்ப்யூட்டர் தம்பி. கடைக்கே வராத ஒண்ணு! பினாங்கு ஃபேக்டரில சோதிச்சுப் பார்க்கச் செஞ்சது. தூக்கிப் போட இருந்தாங்க, கேட்டு வாங்கிட்டேன். வீட்டுல இன்னும் மூணு பழசு இருக்கு."

மூடியே இல்லை. பச்சைப் பலகையில் சிப்புகளும் விசைகளும் அப்படியே தெரிந்தன.

"ஓடுமா?"

"தெரியலையே லா! வீடு போற வரைக்கும் பொறுக்க முடியல."

கோலா கெத்திலில் இறங்கியதும் என்னையும் இழுத்துக்கொண்டு காப்பிக்கடைக்குள் நுழைந்தார். பந்தாட்டம் ஓடிய டிவியில் ஏரியல் வயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டர் வயரைச் செருகி, அதற்குக் கரண்டும் கொடுத்தார். கடையே கத்தியது.

"அஞ்சு நிமிஷம் அண்ணே!"

திரையில் வெறும் புள்ளிகள். எனக்கே கூச்சமாகிவிட்டது. பஸ் குலுங்கியதில் கழன்றிருக்கும் என்று அவர் ஒவ்வொரு சிப்பையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டார்.

திரை நீலமானது! அவர் ஏதோ தட்டினார். ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' என்று திரை முழுக்க ஓடியது. கத்தியவர்களே நாற்காலி மேல் ஏறிக் கைதட்டினார்கள்.

"என் பேரைப் போடுங்க மிஸ்ஸி!"

அவர்களோடு நானும் அதையே கத்திக்கொண்டு மிஸ்ஸி பக்கம் திரும்பினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை ஆசையாய்ச் சுமந்து வந்தவர் ஏன் அப்படி நின்றார் என்று இன்றும் யோசிக்கிறேன்.