ஒரு நிமிஷம் உட்காருங்களேன்

வொலோக்தாவில் எங்கள் வீட்டில் ஆறு குடும்பத்துக்கு ஒரே அடுப்படி. அதை ஒட்டின அறையில் தனியாக இருந்தார் யெவ்லாம்பி நிக்கனோரிச். பகலெல்லாம் தபாலாபீசில் பார்சல் பிரிப்பார். மற்ற நேரம் செவ்வாய் கிரகத்துக்குக் கப்பல் விடுவார், காகிதத்தில்தான், கதையாக. "செவ்வாய்ல முட்டைக்கோஸ் என்ன விலைங்க?" என்று அடுப்படியே அவரை வம்புக்கிழுக்கும். நான்தான் அதில் முதல் ஆள். என் வாய் சும்மா இருக்காது.

பஞ்ச காலத்தில் அவர் மனைவி ரொட்டி தேடித் தெற்கே ரயிலேறினவள், திரும்பவே இல்லை. அன்றைக்கு இவர் வேலையில் இருந்தார். ஊருக்குப் போகிறவளோடு வீட்டார் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தால்தானே போனவள் திரும்பி வருவாள்? அவளோடு உட்கார ஆளில்லை. எட்டு வருஷமாக மனுஷனை அது அரித்துக்கொண்டே இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் அந்தக் கதையை முடித்து லெனின்கிராத் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். போடுகிறோம் என்று பதில் வந்தது. ஆனால் கப்பல் கிளம்புமுன் எல்லோரும் உட்காருகிற பக்கத்தை எடுத்துவிட வேண்டுமாம். புது யுகத்து ஆட்கள் கிழவிகளின் நம்பிக்கையைச் செவ்வாய்க்குச் சுமந்து போவார்களா என்று கேட்டிருந்தார்கள். நியாயம்தானே, ஒரு பக்கம் போனால் குடியா முழுகிவிடும் என்றேன் நான்.

"அந்தப் பக்கத்துக்காகத்தான் தோம்னா, மிச்சத்தையே எழுதினேன்."

அவர் எடுக்கவில்லை. கதைக் கட்டு அப்படியே திரும்பி வந்தது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

மார்ச்சில் நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். காலை நேரம், எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். வாசலில் வண்டிக்காரன் கத்திக்கொண்டிருந்தான். இவர் தன் பெட்டிமேல் உட்கார்ந்து, எதிரே இருந்த முக்காலியைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் உட்காருங்களேன், தோம்னா."

"பால் பொங்கிடும். நீங்க கிளம்புங்க, குதிரை குளிர்ல நிக்குது."

தனியாகவே ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார். ஒன்பதாம் நாள் செய்தி வந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அறையைக் காலி செய்தபோது கேட்பாரில்லாமல் கிடந்த அந்தக் காகிதக் கட்டை நான் எடுத்துக்கொண்டேன். அதுவரை அதில் ஒரு வரி படித்ததில்லை. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். ஐந்து பேர் கப்பலேறக் காத்திருக்கிறார்கள். வழியனுப்ப வந்திருப்பது ஒருத்திதான், சமையல்காரி தோம்னா. வாய் ஓயாத பொம்பளை. அடுப்பு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவர்களோடு உட்காருகிறாள்.