ஞாயிறுதோறும் அவனே ஜெயிக்கிறான்

யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரிந்த பந்தயத்தைப் பார்க்க, ஒரு மனிதர் மதியம் இரண்டு மணிக்கே டிவி முன்னால் இடம் பிடித்து உட்காருவதை பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப்புக்கு வந்த பிறகுதான் கண்டேன். அவர் பெயர் யான். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் என்னோடு வேலை செய்கிறார். ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் வீட்டுக்குக் கூப்பிடுவார். இந்த சீசன் முழுக்க ஒரே டிரைவர்தான். தொடர்ந்து ஏழு பந்தயம் ஜெயித்துவிட்டான். முதல் வளைவில் முன்னால் போனால், அப்புறம் கொடி அசைக்கும்போதுதான் அவன் முகத்தைக் காட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும். யானோ வறுத்த உருளைக்கிழங்கை மயோனைஸில் தோய்த்துத் தின்றபடி, பத்தாவது இடத்துக்கு மல்லுக்கட்டும் இரண்டு பேரை ரசித்துக்கொண்டிருப்பார். டயர் மாற்ற எத்தனை நொடி ஆனது என்று கைக்கடிகாரத்தில் பார்த்துச் சிரிப்பார். முன்னால் போகிறவனைப் பற்றிக் கேட்டால், "நன்றாக ஓட்டுகிறான்" என்பார். நன்றாக ஓட்டுகிறானாம்! ராயபுரத்தில் பிறந்த ஒருவன் இதை நம்புவானா, நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் ஒருவன் தொடர்ந்து ஜெயித்தால் அதற்குப் பெயர் செட்டிங். கேரம் போர்டில் ஜெயித்தால் பவுடரில் ஏதோ கலந்திருக்கிறான். கால்பந்தில் ஜெயித்தால் ரெஃபரி அவனுக்கு மச்சான் முறை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஏழாவது பந்தயம் முடிந்ததும் தாங்காமல் யானிடம் கேட்டேன்: "அவன் வண்டிப் பக்கத்தில் எதிராளியின் ஆள் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா?" யானுக்குப் புரியவில்லை. பந்தயம் முடிந்ததும் வண்டியை நிறுத்தி எடை போடுவார்கள், பாகம் பாகமாகச் சோதிப்பார்கள் என்று பொறுமையாக விளக்கினார். நான் கேட்டது அதையல்ல. எங்கள் ஊரில் புறாப் பந்தயம் நடந்தால், போட்டியாளர் வீட்டு மொட்டைமாடியில் எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் நாள் முழுக்கக் காவல் உட்காருவார், புறாவை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வார் என்றேன். யான் இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்து மயோனைஸில் தோய்த்தார். பிறகு, "அந்த ஆளுக்கு மதியச் சாப்பாடு யார் போடுவார்கள்?" என்று கேட்டார்.

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி டிராம் ஏறியும் என்னை விடவில்லை.

சாப்பாடு புறாக்காரன் வீட்டில்தான் போடுவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் காவல் உட்கார்ந்தபோது எனக்குப் போட்டவர் சலீமின் அம்மா. சலீம் என் பள்ளிக்கூடத்து தோஸ்து, வண்ணாரப்பேட்டையில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். அப்போது அவன் புறா மூன்று வருஷம் தொடர்ந்து கப் வாங்கியிருந்தது. நாலாவது வருஷம் பந்தயம் நடத்தும் புறா கிளப்புக்கே பொறுக்கவில்லை. தலைவர் தாஸண்ணன் என்னைக் கூப்பிட்டு, "நீ அவன் தோஸ்துதான், ஆனா நம்ம ராயபுரத்து ஆளு. மாடிய வுட்டு எறங்காத. கண்ணு மேலயே இருக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். காலை ஆறு மணிக்கு, அடையாளத்துக்காக இறக்கையில் கிளப்பின் மைச்சீல் குத்திய புறாவைச் சலீம் பறக்கவிட்டான். இறங்காமல் அதிக நேரம் பறக்கும் புறா ஜெயிக்கும். மணிக்கு ஒரு தடவையாவது அதை வானத்தில் கண்டேன் என்று காவல்காரன் எழுத வேண்டும். பன்னிரண்டு மணி வரை ஒழுங்காக எழுதினேன். அப்புறம் பிரியாணி வந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் சாய்ந்தவன், எழுந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. புறா அப்போதும் மேலே பொட்டாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம்தான் இறங்கியது, சீலும் சரியாக இருந்தது. ஆனால் என் தாளில் மூன்று மணி நேரம் காலி. தாஸண்ணன் கேட்டபோது, தூங்கிவிட்டேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "நடுவுல கண்ணுல படலண்ணே. சந்தேகமா கீது" என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஒரே மாதிரி இரண்டு புறா வளர்க்கிறான், ஒன்றை ஒளித்து வைத்து மாற்றுகிறான் என்று ஊரே பேசியது. பழைய மூன்று கப்பையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்கள். அவனுக்கு டபுள் சலீம் என்று பெயர் வைத்தார்கள். அவன் கூண்டைப் பிரித்துப் போட்டான். என்னிடம் மட்டும் கோபப்படவில்லை. நான் பார்த்ததைச் சொன்னேன் என்று நினைத்தான். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவனும் கடையில் உட்கார்ந்து கார் பந்தயம் பார்ப்பவன். அன்று டிராமிலிருந்து இறங்கியதும் போன் செய்தேன். வழக்கம்போல, "பாத்தியா, மறுபடியும் அவனே. செட்டிங்குதான்டா" என்று ஆரம்பித்தேன்.

சலீமுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னா மாமு எப்பப்பாரு செட்டிங் செட்டிங்னுகினு? ஜெயிக்கிறவன் காலைல எத்தினி மணிக்கு எந்திரிக்கிறான்னு உனுக்குத் தெரியுமா? நீயே அன்னிக்கு நாள் பூரா என் மாடில குந்தியிருந்தியே. இன்னாதான் கண்ட?"

"ஒண்ணும் காணலடா. தூங்கிட்டேன்."

அந்தப் பக்கம் கடை ஷட்டரை இழுத்து விடும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்ப ஏன் சொல்ற? இன்னா வேணும் உனுக்கு?" என்றான். ஒன்றும் வேண்டாம் என்றேன். "அப்போ என்கிட்ட சொல்லாத. ஊருக்கு வா. அதே மாடில நின்னு தாஸண்ணன் முன்னால சொல்லு. எம் பொண்ணு காதுல வுழுற மாரி சொல்லு. ஸ்கூல்ல அத்த டபுள் சலீம் பொண்ணுன்னு கூப்புடுறானுங்க." போனை வைத்துவிட்டான்.

ஆடி மாத லீவில் போனேன். சலீம் வேண்டுமென்றே கார் பந்தயம் உள்ள ஞாயிறாகத்தான் பார்த்து வைத்திருந்தான். மாலை ஆறு மணிக்குத் தாஸண்ணனும் கிளப் ஆட்கள் நாலு பேரும் வந்தார்கள். சலீமின் பெண் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பிரியாணியைச் சொன்னேன், தொட்டி நிழலைச் சொன்னேன், புறா ஜெயித்தது நிஜம் என்றேன். தாஸண்ணன் கடைசி வரை கேட்டார். என் ஷூவைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார்.

"சலீமு உனுக்கு இன்னா குடுத்தான் நைனா?" என்றார்.

சத்தியமாக ஒன்றுமில்லை என்று கத்தினேன். "பின்ன? ஃபாரின்லேர்ந்து ஒருத்தன் இதுக்குன்னு பிளேன் புடிச்சா வருவான்? யாராண்ட டபாய்க்கிற?" என்று எழுந்தார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே அவர் பின்னால் படியிறங்கினார்கள். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவமானத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னும் நாலு தடவை சொன்னாலும் அவர்கள் நம்பப் போவதில்லை. பொய்யை ஒரே மூச்சில் நம்பியவர்கள்தான்.

சலீம் அவர்களைத் தடுக்கவில்லை, என்னைத் திட்டவுமில்லை. பாயை உதறிப் போட்டு உட்கார்ந்து போனில் பந்தயத்தை வைத்தான். எட்டாவது பந்தயத்திலும் அவனேதான் முன்னால். "ஒவ்வொரு ரவுண்டும் அதே எடத்துல பிரேக் வெக்கிறான் பாரு. ஒரு அடி முன்ன பின்ன கெடையாது" என்றான். குனிந்து பார்த்தேன். ஆமாம், பிசகவேயில்லை. இத்தனை மாதமாகத் திருட்டைத் தேடிய கண்ணுக்கு ஓட்டும் கை தெரியாமலே போயிருந்தது. முதல்முறையாக அவன் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். சந்தோஷமாகவே இருந்தது.

அந்த நேரம் என் போனில் யானிடமிருந்து செய்தி வந்தது: "எப்போது வீட்டுக்கு வருகிறாய்?"

சலீம் எட்டிப் பார்த்தான். "யாரு?"

"கூட வேலை செய்றவர். அங்க அவரோடதான் ரேஸ் பாப்பேன்."

"நீ இன்னா சொன்னாலும் நம்புவானா?"

"நம்புவார்."

சலீம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவனுக்கு உன்னத் தெரியாது மாமு, அதான்" என்றான். சொல்லிவிட்டு, பாயில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.