பேனரில் போட்ட லண்டன்

டிசைன் படிக்க வெளிநாடு போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது எங்கள் சொந்தபந்தங்களுக்கு வந்த சந்தேகங்கள் இரண்டே இரண்டு. டிசைன் என்றால் சேலையில் போடுவதா, ஜாக்கெட் கையில் போடுவதா என்பது ஒன்று. வெளிநாடு என்றால் லண்டனா, அமெரிக்காவா என்பது இன்னொன்று. நாற்காலி, மருந்து டப்பா மூடி, குக்கர் கைப்பிடி எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத்தான் உருவாக்குகிறார், நான் படிக்கப் போவது அதைத்தான் என்று பொறுமையாக விளக்கினேன்.

"குக்கர் கைப்பிடி மாட்டவா இம்புட்டுத் தூரம் போற? பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே கடை இருக்கேத்தா" என்றார் என் தாய்மாமன்.

அப்பா நத்தம் ரோட்டில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். மழை குறைந்தால் வியாபாரம் ஓடும், மழையே இல்லாவிட்டால் வியாபாரமும் படுத்துவிடும். அந்தக் கடையின் வருமானத்தில் எந்த நாட்டில் படிக்க முடியும் என்பதுதான் என் கவலையெல்லாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவரிடம் போனேன். ஜவுளிக்கடையில் முதலில் பட்டுச்சேலையை விரிப்பதுபோல அவர் எங்கள் முன்னால் லண்டனை விரித்தார். ஃபீஸைக் கேட்டதும் அப்பா டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இதுல கொஞ்சம் கொறைச்சலா ஏதாச்சும்..." என்று இழுத்தார். ஏஜென்ட்டின் சிரிப்பு அத்தோடு நின்றது. "இருக்கு சார். ஆனா அதெல்லாம் சொல்லிக்கிற மாதிரி இருக்காது."

படிக்கிற மாதிரி இருக்குமா என்று கேட்க நினைத்தேன். அப்பா பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

பிறகு நானே தேடினேன். போலந்தில் ஓர் அரசாங்கக் கல்லூரி கிடைத்தது. ஆங்கிலத்தில் பாடம். வீட்டுப் பத்திரத்தைத் தொடாமலே கட்டிவிடக்கூடிய ஃபீஸ். நாமே வரைந்து செய்த வேலைகளைத் தொகுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் குழாய் ஓட்டையில் அடைப்பெடுக்க ஊக்கு, முள், பல்குச்சி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் விடுவார்கள். அதற்கென்று கைப்பிடியுள்ள ஊசி ஒன்றை வரைந்து, செய்து, படமெடுத்து அனுப்பினேன். இடம் கொடுத்துவிட்டார்கள். குறித்த நாளுக்குள் முதல் தவணை கட்டினால் போதும்.

அந்த நாள் வருவதற்குள் மாமா பேனர் கட்டிவிட்டார்.

எங்கள் பக்கம் காதுகுத்துக்குப் பேனர், சடங்குக்குப் பேனர், புது பைக் எடுத்தால்கூடப் பேனர். மருமகள் வெளிநாடு போகும்போது தாய்மாமன் சும்மா இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? தெருமுனையில் நின்ற பேனரில் என் பாஸ்போர்ட் படம். எனக்குப் பின்னால் லண்டன் மணிக்கூண்டு. அப்பாவின் தலையிலிருந்து கிளம்பும் விமானம் ஒன்று. கூலிங் கிளாஸ் போட்ட மாமா என்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தார். கீழே, 'உயர்கல்வி பயில லண்டன் செல்லும் எங்கள் குலவிளக்கே!' போலந்துக்காரர்கள் இந்த டிசைனைப் பார்த்திருந்தால் எனக்கு இடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

"என்ன மாமா இது?" என்றேன்.

"போலந்துன்னுதான் போடச் சொன்னேன். பிளக்ஸ் கடைக்காரன் அதுக்குப் படமில்லைன்னுட்டான். லண்டன்னா ரெடியா இருந்துச்சு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊருதான?"

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் அப்பாவிடம் காசு வாங்க மறுத்தார்களாம். அப்பா வேறு ஆளாகத்தான் வீட்டுக்கு வந்தார்.

"தாயி, பத்திரத்த வச்சா லண்டனுக்கே போயிரலாம்ல?"

"எதுக்குப்பா?"

"ஊரே கேக்குது. இப்பப் போய் போலந்துன்னு சொன்னா, லண்டன்ல எடம் கெடைக்கலன்னு பேசுவாங்க."

"வீடே போயிட்டா நாளைக்கு எந்த வாசல்ல பேனர் கட்டுவீங்க?" என்று கத்திவிட்டு அழுதேன். அம்மா பத்திரம் இருந்த பீரோவின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை தோசையைப் பிய்த்தபடியே அப்பா தீர்ப்புச் சொன்னார். "பேனரு அது பாட்டுக்கு லண்டன் போகட்டும். நீ போலந்து போ."

இதைவிட மலிவாக யாரும் மகளை லண்டனுக்கு அனுப்பியிருக்க முடியாது. அந்தப் பேனர் செலவும் மாமாவுடையது.

போலந்திலிருந்து நான் அனுப்பிய படங்களில் ஊர்ப் பேர் போட்ட போர்டு ஏதும் தெரிந்தால் அம்மா அதை வெட்டிவிட்டுத்தான் ஸ்டேட்டஸ் வைத்தாள். முதல் லீவில் ஊருக்கு வந்தபோது, லண்டன் ராணி அரண்மனையைப் பார்த்தாயா என்று கேட்காத ஆளில்லை. வெளியில் நின்று பார்த்ததாகச் சொல்லிவைத்தேன். விஷயம் தெரிந்த மாமாவே லண்டன் பாலத்தைப் பற்றிக் கேட்டார், அதையும் பார்த்தேன் என்றேன். சத்தியமாக, எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த லீவில் ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தேன். குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர், அப்பாவிடம் வெகுகாலமாகக் குழாய் வாங்குகிறவர், ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். அவர் மகனும் டிசைன் படிக்க ஆசைப்படுகிறானாம்.

"ஒங்க பொண்ணு போன லண்டனுக்கே அனுப்பிரலாம்னு ஏஜென்ட்டுகிட்டப் பேசிட்டேண்ணே. நெலத்த பேங்க்ல வைக்கப் போறேன்." என் பக்கம் திரும்பினார். "ஏந்தாயி, அம்புட்டுக் காசு குடுக்கலாமா? படிப்பு நல்லாருக்கா?"

அவருக்கு இருப்பது அந்த ஒரே நிலம். போர்வெல் போட்டு, எங்கள் குழாயைப் பதித்து, முருங்கை வைத்திருந்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். கடையில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

அப்பா கையிலிருந்த குழாய்ச் சுருளைக் கீழே வைத்தார். "அண்ணே, இவ லண்டன் போகல. போலந்துல படிக்கிறா. லண்டனுக்கு அனுப்ப எங்கிட்ட வசதி இல்லண்ணே. அந்தப் பேனரு பொய்."

வசதி இல்லை என்ற வார்த்தையை அப்பா வெளியாட்கள் முன்னால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

விவசாயி அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடையிலிருந்த நாலு பேரையும் பார்த்தார். பிறகு கசப்பாகச் சிரித்தார்.

"ஒங்க புள்ள மட்டும் லண்டன்ல படிக்கணும், எம்புள்ளன்னு வந்தா போலந்தாண்ணே?"

நான் அவசரமாக மொபைலை எடுத்து என் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "அந்தப் பேனருக்குக் கீழ நின்னு நானே படிச்சேன் தாயி. ஊருக்குள்ள இன்னொருத்தன் லண்டன் போனா ஒங்களுக்குப் பொறுக்கல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அப்பா செருப்புக்கூடப் போடாமல் ரோடுவரைக்கும் பின்னாலேயே ஓடினார்.

அந்த வருஷமே பையன் லண்டன் போய்விட்டான். குழாய் இன்னும் அந்த முருங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நிலம் பேங்கில் இருக்கிறது.