சவரக்கத்தியைத் துலக்கிய ஞாயிற்றுக்கிழமை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகிற ஆரியசாலையில் ஹார்ட்வேர் கடையில் வேலை, ஆணியும் கீலும் பெயிண்டும்தான் என் உலகம், இருட்டில் எதையோ பார்த்து நடுங்கினேன் என்று யாராவது சொன்னால் முதலில் உன் வீட்டு பல்பை மாற்று என்பேன். இதைக் கேட்டு நீங்களும் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், ஏனென்றால் இது நடந்தது இருட்டில்கூட இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டப்பகலில்.

அப்போது என் மனைவி லேகாவுக்கு ஏழாம் மாதம். மனைவி பிள்ளை உண்டாகியிருந்தால் பிரசவம் ஆகும்வரை புருஷன் சவரம் செய்யக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நாகர்கோவிலில் இருந்து மாமியார் போன் செய்தால் மகளின் உடம்பை விசாரிப்பதற்கு முன்னால் என் தாடியைத்தான் விசாரிப்பார். "மாப்ளே, பிள்ளை கைக்கு வாறது வரைக்கும் உங்க மேல கத்தி படப்பிடாது, கேட்டியளா?" எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் காலையில் சவரம் செய்கிற தொல்லையில் இருந்து விடுதலை கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? சோம்பேறிக்கு வாய்த்த விரதம் என்று தாடியை வளரவிட்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கடைக்கு அடுத்த சந்தில், பழைய சாமான் கடையில், அந்தக் கத்தி கண்ணில் பட்டது. மடக்குகிற சவரக்கத்தி, கொம்புப் பிடி, அலகு முழுக்கக் கறுத்து அங்கங்கே துரு. பழைய பூட்டு, பித்தளை விளக்கு என்று எதையாவது வாங்கிவந்து துலக்குவது எனக்கு ஒரு கிறுக்கு. கொண்டுவந்து எண்ணெயில் ஊறப் போட்டு வைத்தேன்.

அந்த ஞாயிறு எழுந்ததிலிருந்தே குழந்தை அசையவில்லை என்றாள் லேகா. முதலில் நான் பெரிதாக எடுக்கவில்லை, பதினோரு மணி வாக்கில் அவள் முகத்தைப் பார்த்ததும் போனைத் தேடினேன். டாக்டருக்குப் போன் செய்தோம். இனிப்பாக ஏதாவது கொடுத்து இடது பக்கம் சரிந்து படுக்கச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் பாருங்கள், அசைவு தெரியாவிட்டால் உடனே கிளம்பி வந்துவிடுங்கள் என்றார். இதற்கு முன்னால் ஒன்று எங்களுக்குத் தங்காமல் போயிருந்தது. இரண்டு பேருக்கும் அதே நினைப்புதான்.

அவள் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சரிந்து படுத்தாள். நான் கட்டில் பக்கத்திலேயே நின்றேன்.

"நீங்க இங்க நின்னு என்னையே நோக்கிட்டிருந்தா எனக்குப் பேடி கூடுது அத்தான். வெளிய போய் இரியுங்க, அசைஞ்சா நான் விளிக்கேன்."

பயம் கூடுகிறது என்கிறாளே என்று ஹாலுக்கு வந்தேன். அவள் அறைக்குள் போவதானால் என் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும், வாசல் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தோம், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, அதனால் எண்ணெயில் கிடந்த கத்தியை எடுத்தேன். துருவை மெல்லிய உப்புத்தாளால், வாய்ப்பக்கம் கை போகாமல், முதுகு வாட்டத்திலேயே தேய்த்தேன். பிடியின் இடுக்கில் பழைய சோப்பு கல்லாக இறுகியிருந்தது, அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கிளறியபோது சந்தனமும் கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. மெட்டல் பாலிஷ் போட்டுத் துடைத்ததும் கறுப்பு கழன்று அலகு வெள்ளி மாதிரி வந்துவிட்டது. கல்லில் தீட்டினேன், என் தோல் பெல்ட்டில் முன்னும் பின்னும் இழுத்தேன். காது முழுக்க உள்ளே அந்த அறையில்தான் இருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

கத்தி தீட்டுகிறவன் கை சும்மா இருக்குமா? கூர் பார்க்க முன்கை முடியில் ஒரு இழுப்பு இழுப்பது வழக்கம், அந்தப் பழக்கத்தில் இழுத்துவிட்டேன். கத்தி பட்டதே தெரியவில்லை, உள்ளங்கை அகலத்துக்கு முடி வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மாமியாரின் பேச்சு நினைவுக்கு வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எதையும் நம்பாத நான் கத்தியை மடக்கித் தூர வைத்தேன். இன்றைக்கா இதைச் செய்ய வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் உள்ளே லேகா சிரித்தாள்.

ஓடினேன். அவள் அதே மாதிரி சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள், கண் மூடியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"அசையுது அத்தான், நல்லா சவிட்டுது! இன்னொரு தடவை வயித்துல கன்னத்தை வையுங்க, நீங்க வச்ச உடனேதான் சவிட்டிச்சு."

"எப்போ?"

"இப்பதான். என்ன இப்படி வழுவழுன்னு இருக்கு? ஷேவ் பண்ணியாச்சு, அல்லே? பேடிக்கண்டாம், அம்மைகிட்ட நான் சொல்ல மாட்டேன், கேட்டோ."

என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. ஒரு பிடி தாடி. அவள் நைட்டியில், சரியாக வயிற்றுக்கு மேலே, ஈரமாக ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தேன். சோப்பு நுரை. புதிதாக அடித்த நுரை, குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன, அதே சந்தனமும் கற்பூரமும். நான் தண்ணீரும் சோப்பும் போட்டு மழிக்கவில்லை, எங்கள் வீட்டில் சவர சோப்பே அப்போது கிடையாது. அவள் கண் திறப்பதற்குள் லுங்கி முனையால் துடைத்துவிட்டேன். ஏன் துடைத்தேன் என்று கேட்காதீர்கள், அவள் பார்த்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

திரும்பி என் தாடியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் விழித்தாள், பிறகு சிரித்துவிட்டாள். "அப்ப உறக்கத்துல தோணினதாயிருக்கும். ஆனா பேரு கொள்ளாம், நல்லாயிருக்கு, கேட்டோ. சொர்ணம். வயித்துகிட்ட குனிஞ்சு நீங்க அப்படித்தானே விளிச்சிய?"

உள்ளே பிள்ளை உதைப்பது நைட்டிக்கு மேலேயே தெரிந்தது. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வேன், நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் கத்தியைக் கொண்டுபோய்ப் பழைய சாமான் கடையில் வைத்துவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ஏதோ பழைய வீடு இடிச்சுப் பொளிச்சப்ப வந்த சாதனத்துல கிடந்துச்சு அண்ணாச்சி. ஏன், கூர் போராதா?" என்றார் கடைக்காரர். கூர் கூடிப்போயிற்று என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பெண் பிள்ளை பிறந்தது, தாயும் சேயும் சுகம். லேகா யாரையும் கேட்காமல் சொர்ணம் என்று பேர் வைத்தாள். இரண்டு குடும்பத்திலும் அப்படி ஒரு பேர் யாருக்கும் இருந்ததில்லை, எங்கிருந்து பிடித்தீர்கள் என்று எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். லேகாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. வந்தது யாரோ, பிள்ளையைக் காப்பாற்ற வந்ததோ, இல்லை பிள்ளை தனக்குத்தான் என்று பேர் வைத்துவிட்டுப் போனதோ, நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. போன மாதம் கப்பல் காட்ட விழிஞ்ஞம் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். மோளே, கண்ணு என்றுதான் நான் கூப்பிடுவது வழக்கம், அன்றைக்கு அவள் தண்ணீர்ப் பக்கம் ஓடவும் பதற்றத்தில் சொர்ணம் என்று கத்திவிட்டேன். நின்றாள். பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடல் பக்கமாக முகத்தை நிமிர்த்தி, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். அங்கே யாரும் இல்லை, வெறும் தண்ணீர். ஓடிப்போய் வாரி எடுத்தேன், என் தோளில் ஏறிய பிறகும் அந்தக் கைகள் அந்தப் பக்கமே நீண்டிருந்தன.