அக்காவின் நோட்டில் ஒரு காலிப் பக்கம்

எங்கள் அக்கா கோலா சாவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். நாங்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டின்னில் போடுவார். டின் நிறைந்ததும் அது எங்கள் மாதா கோயிலுக்குப் போய், அங்கிருந்து இல்லாதவர்களுக்குப் போகும் என்றார்கள். நாங்களே இல்லாமல் கிடந்த நாட்களிலும் அந்தப் பிடி போனது. அது உண்மையில் எங்கே போகிறது என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

அக்கா மூன்றாம் படிவம் வரை படித்தார். நான் ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டு ஊர் சுற்றினேன். ஜொகூரில் செம்பனைத் தோட்டம், சிங்கப்பூரில் கட்டுமானம், பிறகு லோரி ஓட்டும் வேலை. அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் அக்காதான். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்துகொண்டே, சனிக்கிழமை தோறும் கோயிலைச் சேர்ந்தவர்கள் வீடுகளில் பிடி அரிசியைச் சேர்த்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாங்கள் இருந்த பழைய தோட்டத்துக்குப் போவார். அங்கே மிஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அரிசியைக் கொடுத்துவிட்டு அக்கா ஒரு நோட்டைத் திறப்பார். பிள்ளையின் பேர் என்ன, எந்த வீட்டில் பிறந்தது, பிரசவம் பார்த்தது யார் என்று கேட்டு எழுதுவார்.

வேலையில்லாமல் பாரோயில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது இதைப் பார்த்தேன். எனக்கு ஓர் ஊரில் மூன்று நாள் சோறு போட்டவர்கள் நான்காம் நாள் கையெழுத்துக் கேட்டார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. அதனால் அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

“சும்மா யாரு அக்கா அரிசி குடுப்பா? வேதத்துல சேக்கத்தானே பேரெழுதுற?”

“பொறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைங்கடா. நாளைக்கு அடையாள அட்டை, ஐசி எடுக்க முடியாது. இத்தன ஊரு சுத்தி நீ கத்துக்கிட்டது சந்தேகம் ஒன்னுதானா?”

நான் நம்பவில்லை. மேல் லயத்துக் கடைசி வீட்டு முனியம்மாவிடம் போய்ச் சொன்னேன்: “எதுக்கு எழுதுறாங்கன்னு எனக்கே தெரியாது. பாத்துப் பேரக் குடுலா.”

முனியம்மா அரிசியை வாங்கிக்கொண்டார். மகளின் விவரத்தைச் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் இருந்த மருத்துவச்சிதான் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தியவர். சில மாதங்களில் அவர் இறந்துபோனார். நோட்டில் இருந்த நான்கு பிள்ளைகளுக்கு, அக்கா அலுவலகம் அலுவலகமாக அலைந்து பத்திரம் வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் மகளுக்கு ஐசி எடுக்க முடியாமல் முனியம்மா அக்காவைத் தேடி ஓடிவந்தார். பிறப்பைப் பார்த்த சாட்சி எங்கே என்று பதிவு அலுவலகம் கேட்டது. சாட்சி இல்லை. அந்தப் பெண் இப்போது பாரோயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறாள். ஐசி இல்லாமல் தொழிற்சாலை எதுவும் எடுக்காது.

சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்துவிட்டார். கடைசி வாரம் நோட்டை என்னிடம் தந்தார்.

“முனியம்மா பக்கம் காலியா இருக்குடா தம்பி. நீதான் ஊரெல்லாம் சுத்துவியே. பழைய தோட்டத்து ஆளுங்க யாரையாச்சும் கண்டா கேளு.”

நான் செய்தது அக்காவுக்குத் தெரியும் என்றே சந்தேகப்படுகிறேன். கேட்கத் துணிவு வரவில்லை. அடக்கம் முடிந்ததும் கோயில் குழுவினர் நோட்டைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. பத்திரமாக வைப்பார்களோ, அலமாரியில் போட்டுவிடுவார்களோ, யார் கண்டது?

ரத்தம் சுத்திகரிக்க அக்காவை வாரம் மூன்று முறை ஏற்றிப் போன பாரோய் அண்டை வீட்டாருக்கும், கடைசி வரை முகம் சுளிக்காத தாதியருக்கும், அடக்கத்தன்று சமைத்துப் போட்ட தோட்டத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. சமைத்தவர்களில் முனியம்மாவும் ஒருவர்.

அக்காவின் முதலாண்டு நினைவுக்காக அச்சாகும் இந்த மலர் பழைய தோட்டத்தார் பலர் கைக்குப் போகும். மேல் லயத்துக் கடைசி வீட்டில் அந்தப் பிள்ளை பிறந்த காலையில் வெந்நீர் வைத்தவர், ஏணை கட்டியவர், வாசலில் நின்று அழுகுரல் கேட்டவர் யாராவது இருந்தால், அக்காவுக்குப் பூ வேண்டாம், வந்து சாட்சி சொல்லுங்கள். நான் இப்போது எங்கும் போவதில்லை. அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். பேர் எதற்கு என்று கேட்டால் நோட்டைத் திறந்து காட்டுகிறேன்.