முப்பத்து மூன்றாவது பிஸ்கட்

ஜஸீலா எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, நான்காம் மாடியில் இருக்கிறாள். எங்கள் பபேடான் பேட்டையில் லிஃப்ட் உள்ள கட்டடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்களுடையதில் லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் கூடை. காய்காரி கீழே நின்று கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், நாங்கள் கூடையைத் தூக்கிக்கொள்வோம். ஜஸீலாவின் கூடை என் பால்கனியைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்த வீட்டுச் சமையல் எனக்குத் தெரியாமல் போனதே இல்லை.

அவள் ஓட்ஸ் பிஸ்கட்டுக்குப் பேர்போனவள். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பார்ட்டி என்றால் சயாமா, அதாவது டீச்சரம்மா, முதலில் அவளுக்குத்தான் ஃபோன் போடுவார். இங்கே கரண்ட் முறைவைத்து வரும், போகும். தெருவே பர்மிய மொழியில் "மீ லா பி" என்று கத்தினால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஜஸீலாவின் ஓவன் சூடாகிக்கொண்டிருக்கும். வெண்ணெயும் பனைவெல்லமும் குழைத்து, முட்டை சேர்த்து, ஓட்ஸைப் பாதி பொடித்தும் பாதி அப்படியேயும் போட்டு, பட்டைத்தூளும் உலர்திராட்சையும் கலந்து முன்பே தயாராக வைத்திருப்பாள். ஓரம் சிவந்து, நடுப்பகுதி மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுவாள்.

"நடுவும் கெட்டியாகட்டும்னு விட்டா, ஆறினதும் கல்லாயிரும், ரேவதி அக்கா" என்பாள். நான் சுட்டால் எப்போதும் கல்தான்.

அவள் மகள் இன்ஷாவுக்குப் பள்ளி விட்டு வந்ததும் மாடி ஏறப் பொறுமை இருக்காது. கீழே நின்று கயிற்றை மூன்று முறை இழுப்பாள். கூடையில் பிஸ்கட் இறங்கும். தின்று முடித்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பாள். இரண்டு மழைக்காலத்துக்கு முன் டெங்கு வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். ஏழு வயது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது, யார்மேல் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகும் இன்ஷாவின் வகுப்புப் பார்ட்டிகளுக்கு ஜஸீலாதான் சுடுகிறாள். பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர். அவள் சுடுவது முப்பத்து மூன்று. அப்படி முதல் தடவை சுட்ட அன்று, மூன்றரை மணிக்கு மணி மூன்று முறை அடித்தது. வெறும் கூடை மேலே போனது, ஒரு பிஸ்கட்டோடு இறங்கியது, மறுபடி வெறுமையாக ஏறியது. அன்றிலிருந்து பிஸ்கட் சுடும் நாளில் எல்லாம் இப்படித்தான். மற்ற நாட்களில் அந்த மணி அப்படி அடிப்பதில்லை.

நான் ஒருநாளும் கீழே எட்டிப் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன. ஜஸீலாவும் பார்ப்பதில்லை.

"நான் பாத்தா கூச்சப்பட்டு வராம போயிட்டா?" என்று ஒருமுறை கேட்டாள்.

அவள் கணவர் கோ அய்யூப், அதாவது அய்யூப் அண்ணன், இதை அறவே நம்பவில்லை. மனைவிக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று அவருக்குக் கவலை. ஊரின் இன்னொரு பக்கம், தாம்வேயில் ஒரு தரைத்தள வீடு பார்த்துவிட்டார். தரைத்தளத்துக்குக் கயிறு தேவையில்லை. ஜஸீலா நகர மறுத்தாள். போன பிப்ரவரியில், பள்ளி வருஷக் கடைசிப் பார்ட்டிக்கு முந்தின நாள், பொட்டலம் கட்ட நான் மேலே போயிருந்தபோது விஷயம் முற்றிவிட்டது.

"தெருப் பசங்க வேலை இது. இன்னைக்கு நான் கீழே நிக்கிறேன். எவனாவது இழுத்தான்னா கையும் களவுமா புடிச்சுட்டு வர்றேன். அப்புறம் நீ தாம்வேக்கு வந்துரணும்" என்றார் அவர்.

"சரி மச்சான்" என்றாள் ஜஸீலா.

அவர் இறங்கிப் போனார். மூன்றரைக்கு மணி மூன்று முறை அடித்தது. ஜஸீலா கூடையைத் தூக்கி, பிஸ்கட்டைக் காகிதத்தில் வைத்து இறக்கினாள். நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிறு விறைத்தது, பிறகு தொய்ந்தது. கீழே அதட்டலும் இல்லை, பிள்ளைகள் ஓடும் சத்தமும் இல்லை. கூடை திரும்பி வந்தபோது காகிதத்தில் துகள்கள் மட்டும் இருந்தன.

அவர் படியேறி வர வெகுநேரம் ஆனது. எவனையோ பிடித்து இழுத்து வருகிறார், ஜஸீலா தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். தனியாகத்தான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஜஸீலா தண்ணீர் கொடுத்தாள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "யாரு, கோ அய்யூப்?" என்றேன்.

அவர் தண்ணீரைக் குடித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தாம்வே வீடு வேணாம்" என்றார். பிறகு மனைவியிடம், "அடுத்த தடவை ரெண்டா வை. நெஞ்சு உயரத்துக்கு வளந்துட்டா" என்றார்.